சாவி யார் இடுப்பில் இருந்தது?

நடுவர் அவர்களே, பெருந்துறைப் பெரியோர்களே, வணக்கமுங்க. பழைய அச்சுக் கண்ணாடிப் பாத்திரம் மனிதரைச் சேர்த்ததா, பிரித்ததா என்பது தலைப்பு. பிரித்தது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் அருமையாகச் சொன்னார். முன்பு கண்ணாடியில் பூவேலை வேண்டுமென்றால் சக்கரத்தில் வைத்து மணிக்கணக்காகச் செதுக்க வேண்டும். 1820களில் அமெரிக்காவில் உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் விட்டு நெம்புகோலால் அழுத்தத் தொடங்கினார்கள். சீமான் மேசையில் இருந்தது சாமானியன் வீட்டுக்கும் வந்துவிட்டது என்றார். நானும்தான் கைதட்டினேன். 1864இல் வில்லியம் லெய்டன் ஈயத்துக்குப் பதிலாகச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிவான கண்ணாடி காய்ச்சிய பிறகு விலை இன்னும் இறங்கியது. அண்ணன் விட்டதை நானே சொல்லிவிடுகிறேன்.

சரி, மதிப்பும் கூடவே இறங்கியதே? அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு வரம்பு விழும். செதுக்கிய கண்ணாடியின் முனை விரலை உறுத்தும். அச்சுக் கண்ணாடியின் முனை மழுங்கியிருக்கும். விருந்தாளி ஒரு தடவு தடவினால் போதும், வீட்டுக்காரர் நிலவரம் தெரிந்துவிடும்.

நம்ம ஊருக்கு வருவோம். என் அம்மாயி வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், ஒரு சுவர் அலமாரி. அதில் திராட்சைக் கொத்து போட்ட ஆறு கண்ணாடி வட்டல். குன்னூரில் ஒரு தோட்ட பங்களாவைக் காலி செய்தபோது அப்புச்சி வாங்கி வந்தது. சாவி அம்மாயி இடுப்பில். சம்பந்தி வந்தால் திறக்கும். மாப்பிள்ளை வந்தால் திறக்கும். பேரப்பிள்ளைகள் எங்களுக்கு அனுப்பர்பாளையத்துப் பித்தளை வட்டல்தான். "அம்மாயி, ஒரே ஒருக்கா இதுல சோறு போடு" என்று கேட்டேன். "உடைஞ்சா உங்கப்பனா வாங்கித் தருவான்?" என்றார். காட்டு வேலைக்கு வந்தவருக்கோ, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கொட்டாங்குச்சியில் மோர்.

டீக்கடை மட்டும் என்ன? இந்தக் கொங்குச் சீமையில் இரட்டைக் குவளை இருந்ததை மறைக்க முடியுமா? உள்ளே பெஞ்சில் உட்காருகிறவருக்கு வரி போட்ட கண்ணாடி டம்ளர். அதுவும் அச்சில் அழுத்திப் பிறந்ததுதான். வெளியே நிற்கிறவருக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும்.

கண்ணாடி என்ன பாவம் செய்தது, பூட்டியது மனுசன்தானே என்று அண்ணன் கேட்பார். கேட்கட்டும். பித்தளை விழுந்தால் நெளியும், தட்டி எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி உடையும். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று கணக்குப் பார்க்கிறவருக்கு "உடைஞ்சு போயிரும்" என்பதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? மனசில் இருந்ததைச் சொல்லாமலே காரியம் முடிந்தது.

இவ்வளவு ஏன், இந்த மேடையையே பாருங்கள். நடுவர் மேசையில் தட்டு போட்டு மூடிய கண்ணாடி டம்ளரில் தண்ணீர். எங்கள் ஆறு பேருக்கும் பிளாஸ்டிக் பாட்டில். ஐயா, தீர்ப்புச் சொல்லும் முன்னால் அந்த டம்ளரை ஒரு வாய் எங்கள் பக்கம் தள்ளுங்கள், பார்க்கலாம். வணக்கமுங்க.