சாயம் போடாமல் காத்திருக்கும் துணி

நேயர்களுக்கு வணக்கம்.

துணிக்கடையில் ‘பாதி விலை’ என்று பலகை தொங்கினால் நமக்குச் சந்தோஷம். கடைக்காரருக்கோ, ஆறு மாதம் முன்பு போட்ட கணக்கு தப்பிப்போனதற்கான தண்டனை அது. எந்த நிறம் ஓடும், எந்த மாடல் ஓடும் என்று அப்போதே ஊகித்து, மொத்தமாக ஆர்டர் கொடுத்திருப்பார்.

அந்த ஊகத்தைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போட்டவர்தான் ஜாரா என்ற துணிக்கடை நிறுவனத்தைத் தொடங்கிய அமான்சியோ ஒர்தேகா. சிறுவயதில் சட்டைக்கடையில் எடுபிடி வேலை பார்த்தவர். 1975-இல் ஸ்பெயினின் லா கொருன்யா நகரில் முதல் ஜாரா கடையைத் திறந்தார்.

அவர் கம்பெனி துணியை வாங்கும். ஆனால் அதில் கணிசமான பகுதிக்குச் சாயம் போடாது. வெள்ளையாகவே அடுக்கி வைக்கும். ஒரு பெண் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘காலர் அகலமா இருக்கே, பச்சையில இல்லையா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடை மேலாளர் அதைத் தலைமையகத்துக்குச் சொல்கிறார். இதே பேச்சு நாலு ஊரிலிருந்து வந்தால், துணி பச்சைச் சாயத்துக்குப் போகும்; காலர் குறுகும். சில வாரங்களில் புது ஜாக்கெட் கடையில் தொங்கும். வாரத்துக்கு இரண்டு முறை சரக்கு வரும். தூர தேசங்களுக்கு விமானத்திலேயே போகும்.

விமானத்தில் சட்டையா, கட்டுப்படியாகுமா என்று தோன்றும். கூலி குறைந்த ஆசியாவை விட்டு, ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று பக்கத்திலேயே தைப்பதும் செலவுதான். ஆனால் விற்காமல் தேங்கும் சரக்கு அதைவிடப் பெரிய செலவு. அதே சமயம், என்றைக்கும் விற்கும் சாதாரண டி-ஷர்ட்டை ஆசியாவில்தான் தைக்கிறார்கள். அதில் ஊகிக்க என்ன இருக்கிறது?

ஒவ்வொரு மாடலிலும் கொஞ்சம்தான் போடுவார்கள். அடுத்த வாரம் கிடைக்காது என்று தெரிந்தால் கை தானாகப் பர்ஸைத் தேடும். விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவழிக்காமலே கூட்டம் வருவதற்கு இது ஒரு காரணம். கடையில் தேங்காத சரக்கு நம் அலமாரியில் தேங்குகிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. என் வீட்டிலேயே விலைச்சீட்டு கிழிக்காத சட்டை இரண்டு இருக்கிறது.

பின்னால் வந்த ஷீன் என்ற சீன ஆடை நிறுவனம், இதே கணக்கை இன்னும் இறுக்கிவிட்டது. வியாபாரம் பெரும்பாலும் ஆன்லைனில்தான். புது மாடல் ஒன்றை நூறோ இருநூறோ மட்டும் தைத்து விடுகிறார்கள். ஓடினால்தான் மறுபடி தையல். காலர் அகலம் என்று யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து விரல் எங்கே நின்றது, எதைத் தள்ளிவிட்டுப் போனது என்பதே போதும்.

நன்றி, வணக்கம்.