பெண்ணின் உடையைத் தீர்மானிப்பது சமூகத்தின் கண்ணே

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"பெண்ணின் உடையைத் தீர்மானிப்பது அவளுடைய விருப்பமா, சமூகத்தின் கண்ணா?" இதுதான் தலைப்பு. சமூகத்தின் கண்ணே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "அலமாரியைத் திறந்தால் நூறு உடை, கைப்பேசியைத் திறந்தால் ஆயிரம் உடை. பிடித்ததை எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். யார் தடுத்தார்கள்?" என்று கேட்டார். அரங்கமும் கைதட்டியது. யார் தடுத்தார்கள் என்பதை ஆண்டோடும் ஊரோடும் சொல்லிவிடுகிறேன், நடுவர் அவர்களே.

1800-ஆம் ஆண்டு நவம்பரில் பாரிஸ் நகரக் காவல் தலைமையகம் ஓர் ஆணை போட்டது. ஒரு பெண் ஆண்போல உடுத்த வேண்டுமானால் காவல் தலைமையகத்துக்கு வந்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கு மருத்துவ அலுவலரின் சான்று வேண்டும். 1892-லும் 1909-லும் அந்த ஆணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். எப்படி? கையில் சைக்கிள் கைப்பிடியோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் கால்சட்டை அணிந்துகொள்ளலாம்! அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறைப்படி அறிவித்தது 2013 ஜனவரியில்.

1938-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹெலன் ஹியூலிக் என்ற ஆசிரியை ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போனார். கால்சட்டை அணிந்திருந்தார். நீதிபதி அவரைத் திருப்பி அனுப்பினார். அவர் மறுபடியும் கால்சட்டையிலேயே வந்தார். ஐந்து நாள் சிறை என்று தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில்தான் அது ரத்தானது. திருடனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவரைக் குற்றவாளி ஆக்கியது அவர் போட்டிருந்த துணி.

நம் பக்கத்துக்கு வருவோம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டத்தை இங்கே தெரியாதவர் இருக்க மாட்டார்கள். ஆனால் 1859 ஜூலையில் வந்த அரசப் பிரகடனத்தின் முழு வாசகத்தை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. மேலாடை அணியலாம், மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிகிற முறையில் மட்டும் அணியக் கூடாது. அனுமதி கொடுத்த கையே வேலியும் போட்டது. உடம்பை மறைக்கலாம், சாதியை மறைக்க முடியாது என்பதுதான் அந்தப் பிரகடனம். உடை அடையாளம் என்கிறோமே, அந்த அடையாளத்தை எழுதியது யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எதிரணித் தோழி உடனே எழுந்து, "இதெல்லாம் பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது" என்பார். காலம் மாறியதும் கட்டளை நின்றுவிட்டதா? ஈரானில் 1936-இல் அரசாணை போட்டுப் பெண்களின் முக்காட்டைத் தெருவில் வைத்துக் காவலர்கள் பறித்தார்கள். அதே ஈரானில் 1983-இல் தலையை மறைக்காத பெண்ணுக்குக் கசையடி என்று சட்டம் வந்தது. 2016-இல் பிரான்ஸின் கடற்கரை ஊர்கள் சில, உடல் முழுவதும் மூடிய நீச்சல் உடைக்குத் தடை விதித்தன. அந்த நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஆகஸ்ட் 26 அன்று அப்படி ஒரு தடையை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மூடு என்கிறார்கள், இன்னோரிடத்தில் திற என்கிறார்கள். இரண்டு இடத்திலும் கேட்கப்படாதவள் ஒருத்திதான்.

சரி, சட்டங்கள் போய்விட்டன என்றே வைத்துக்கொள்வோம். நடுவர் அவர்களே, இனி நான் சட்டப் புத்தகத்தை மூடிவிட்டுத் துணியை விரிக்கிறேன். எதிரணி சொல்லும் விருப்பம் துணி வெட்டும் மேசையிலேயே எப்படிக் குறுகிப்போகிறது என்று பாருங்கள்.

பெண்களுக்கென்று விற்கிற, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல பெண்களுக்கு அதில் மார்புக்கு நேரே, இரண்டு பட்டனுக்கு நடுவில் துணி பிளந்து நிற்கும். பார்ப்பவர்கள் அவளைத்தான் பார்க்கிறார்கள்: "இவ்வளவு இறுக்கமாகவா போடுவது?" அவள் ஊக்கு குத்திக்கொண்டு, கையில் இருக்கும் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நாளை ஓட்டுகிறாள். உண்மையில் தவறு பேட்டர்னில், அதாவது துணியை வெட்டுவதற்கான அளவு வரைபடத்தில். மாதிரிக்கு எடுத்துக்கொண்ட ஓர் உடலை வைத்துத்தான் முதல் அளவை வரைகிறார்கள். அந்த உடலில் அக்குளை ஒட்டிய மேல்மார்புச் சுற்றுக்கும் மார்பின் உச்சி வழியான முழுமார்புச் சுற்றுக்கும் பெரும்பாலும் 5 சென்டிமீட்டர்தான் வித்தியாசம் வைப்பார்கள். பிறகு அதே வரைபடத்தை எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி அடுத்தடுத்த அளவுகளை எடுப்பார்கள். அந்த வித்தியாசம் 8 அல்லது 10 சென்டிமீட்டர் இருக்கும் பெண் என்ன செய்வாள்? பெரிய அளவை எடுத்தால் மார்பு பொருந்தும், தோள் தையல் கையில் இறங்கும், கழுத்து அகன்றுவிடும். சிறிய அளவை எடுத்தால் தோள் பொருந்தும், மார்பு பிளக்கும்.

இதைச் சரிசெய்யும் வழி தையல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். முன்பக்க பேட்டர்னை மார்பின் உச்சி வழியாக அறுத்து விரித்து, கூடுகிற துணியைப் பக்க டார்ட்டில், அதாவது கூம்பாகத் தைக்கும் மடிப்பில், மடக்க வேண்டும். தோளும் கழுத்தும் அப்படியே இருக்கும், முன்பக்கம் மட்டும் இடம் கொடுக்கும். பட்டனைக் கழுத்திலிருந்து சம இடைவெளியில் 9 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டு வரக் கூடாது. முதலில் மார்பின் உச்சிக்கு நேரே ஒரு பட்டனைக் குறித்துவிட்டு, அங்கிருந்து மேலும் கீழும் 7 அல்லது 8 சென்டிமீட்டராகப் பிரிக்க வேண்டும். நடுவே உள்பக்கமாக ஒரு பிரஸ் பட்டன் வைத்தால் உட்கார்ந்தாலும் பிளக்காது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை இதைச் செய்வதில்லை. ஒவ்வோர் அளவிலும் இரண்டு மூன்று மார்பு வடிவத்துக்குத் தனித்தனி பேட்டர்ன் வேண்டும், சரக்கும் அத்தனை மடங்காகும். அவர்கள் மிச்சப்படுத்திய செலவுக்கு, அவள் ஒழுக்கக் கேள்வியாக விலை கொடுக்கிறாள்.

மாதிரிக்கு எடுத்த அந்த உடல் யாருடையது என்றும் கேட்க வேண்டும். 1939, 1940-இல் அமெரிக்க வேளாண்மைத் துறை சுமார் 15,000 பெண்களை அளந்தது. வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அந்தக் கணக்கின் மேல்தான் 1958-இல் அந்த நாட்டின் பெண்கள் உடை அளவுத் தரம் எழுந்தது. 1983-இல் அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்கு எண் போடுகிறது. ஒரு கடையில் நடுத்தர அளவு பொருந்துகிற பெண்ணுக்கு அடுத்த கடையில் பெரிய அளவும் ஏறவில்லை. அவள் எண்ணைக் குறை சொல்லவில்லை, தன் உடம்பைக் குறை சொல்கிறாள்.

பாக்கெட்டையும் விடக் கூடாது. 2018-இல் இருபது நிறுவனங்களின் ஜீன்ஸை அளந்து பார்த்த ஓர் இணைய இதழ், பெண்களுடைய முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு என்று காட்டியது. இத்தனைக்கும் ஒரே இடுப்பளவு. பாக்கெட் வைத்தால் இடுப்பு பருமனாகத் தெரியும் என்பதுதான் வழக்கமான பதில். யார் கண்ணுக்குத் தெரியும், நடுவர் அவர்களே? அதைத்தானே நாங்கள் சொல்கிறோம். நன்றாக வைத்தால் தொழில்நுட்பத்தில் ஒரு சிக்கலும் இல்லை. கை நுழைய வாய் 15, 16 சென்டிமீட்டர், கைப்பேசி முழுதாக உட்கார ஆழம் 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல். பையின் மேல்விளிம்பை இடுப்புப் பட்டிக்குள் சேர்த்துத் தைக்க வேண்டும். வெறும் பக்கத் தையலில் தொங்கவிட்டால் 200 கிராம் கைப்பேசியின் பாரம் தையலை இழுத்து, உடை ஒரு பக்கம் சாயும். வாய் ஓரம் நீளாமல் இருக்க உள்ளே நாடா, இரண்டு முனையிலும் அடர்ந்த பூட்டுத் தையல். அவ்வளவுதான் வேலை. ஆண்களின் கால்சட்டையில் தினமும் நடக்கிற வேலை. அது இல்லாததால் பணமும் சாவியும் கைப்பேசியும் எப்போதும் ஒரு கைப்பையில், ஒரு கை எப்போதும் அந்தப் பையில்.

அளவு இல்லாமல் போனால் வேலையே கைநழுவும். 2019 மார்ச்சில் நாசா, இரண்டு பெண்கள் மட்டும் செல்லும் முதல் விண்வெளி நடையை அறிவித்தது. இருவருக்கும் விண்வெளி உடையின் நடுத்தர அளவு மேற்கவசம் பொருந்தியது. விண்வெளி நிலையத்தில் பயன்பாட்டுக்குத் தயாராக இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு பெண்ணுக்குப் பதிலாக ஓர் ஆண் போனார். இரண்டு பெண்கள் சேர்ந்து வெளியே வர அக்டோபர் ஆகிவிட்டது. இங்கே விருப்பத்துக்கு என்ன குறை? கவசம்தான் இல்லை.

சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்ணைக் கடைகள் நினைப்பதே இல்லை. நின்றிருக்கும் உடலுக்கு வெட்டிய கால்சட்டை, உட்கார்ந்ததும் பின்னால் இறங்கும், முன்னால் வயிற்றில் சுருண்டு குத்தும். பின்புற உயரத்தைக் கூட்டி, முன்புற உயரத்தைக் குறைத்து, கால் நீளத்தைச் சில சென்டிமீட்டர் அதிகமாக விட வேண்டும். பின் பாக்கெட்டும் உலோகக் குமிழும் அறவே கூடாது. மணிக்கணக்கில் அவற்றின் மேல் உட்கார்ந்தால் தோல் புண்ணாகும், உணர்வு குறைந்த உடலில் அந்தப் புண் தெரியவும் தெரியாது. இப்படி வெட்டிய உடை எத்தனை கடையில் தொங்குகிறது?

இப்போது எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். "நம் உச்ச நீதிமன்றமே உடை தனிமனித உரிமை என்று சொல்லிவிட்டதே" என்றார்கள். உண்மை. 2014 ஏப்ரல் 15-இல் திருநர் உரிமை வழக்கில், ஒருவர் தன் பாலினத்தை உடையால் வெளிப்படுத்துவது பேச்சுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் அதே நாட்டில், 2022 ஆகஸ்டில் கோழிக்கோடு அமர்வு நீதிமன்றம் ஒரு பாலியல் வழக்கில் முன்ஜாமீன் கொடுக்கும்போது, புகார் கொடுத்த பெண்ணின் உடை தூண்டும் விதமாக இருந்தது என்று எழுதியது. கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்த வரியை நீக்க வேண்டி வந்தது. இத்தாலியில் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் 1999-இல் வெளிவந்த தீர்ப்பு, புகார் கொடுத்த பெண் அணிந்திருந்த இறுக்கமான ஜீன்ஸை அவள் உதவியில்லாமல் கழற்ற முடியாது, ஆகவே அவள் சம்மதித்திருக்கிறாள் என்றது. அந்த நாட்டின் பெண் உறுப்பினர்கள் ஜீன்ஸ் அணிந்து நாடாளுமன்றத்துக்கு வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விருப்பப்பட்டு அணிந்த உடை, அவளுக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏறுகிறது. நாளை எந்த உடை சாட்சி ஆகுமோ என்று எண்ணி எண்ணி எடுக்கும் உடையை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

சீருடை சமத்துவம் தரும் என்றும் சொன்னார்கள். தரலாம், விதியைச் சரியாக எழுதினால். எழுதும் முறை எளிது. முதலில் ஆபத்தையோ தேவையையோ எழுதுங்கள்: சுழலும் எந்திரம், சூடான எண்ணெய், கிருமி. அடுத்து உடையில் எது அதைத் தடுக்கும் என்று எழுதுங்கள்: தொங்கும் முனை இருக்கக் கூடாது, கை மூடியிருக்க வேண்டும், துணி துவைக்கும் சூட்டைத் தாங்க வேண்டும். அப்படி எழுதினால் முக்காடு போடுகிற பெண்ணும் முனையை உள்ளே செருகிக்கொண்டு அதே எந்திரத்தில் வேலை செய்யலாம், தலைமுடி நீளமாக வளர்த்த ஆணும் கட்டிக்கொண்டு செய்யலாம். "கண்ணியமாக உடுத்துக" என்று எழுதினால் அதை அளக்க நாடா கிடையாது; வாசலில் நிற்பவரின் கண்தான் அளவுகோல். ஒரே சட்டையை ஒல்லியான பெண் போட்டால் உள்ளே விடுவார், பருமனான பெண் போட்டால் நிறுத்துவார். விதியை எழுதி முடித்ததும் "பெண்" என்ற இடத்தில் "ஆண்" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். அபத்தமாக ஒலித்தால் அந்த வரியை அடித்துவிட வேண்டும்.

அப்படிப் படித்துப் பார்க்க ஒரு விதி தருகிறேன். 2021 ஜூலையில் நார்வே பெண்கள் கடற்கரை எறிபந்து (ஹேண்ட்பால்) அணிக்கு, பிகினிக்குப் பதிலாகக் குட்டைக் கால்சட்டை அணிந்து ஆடியதற்காக 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அன்றைய விதிப்படி பெண்ணின் கீழாடை பக்கவாட்டில் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேல்வரை இறங்கும் கால்சட்டை அணியலாம். உலகமே கொதித்த பிறகு விதியை மாற்றினார்கள். மாறிய விதியிலும் பெண்களுக்கு உடலோடு ஒட்டிய இறுக்கமான குட்டைக் கால்சட்டை என்றே எழுதினார்கள்; ஆண்களுக்கு அந்த ஒட்டுதல் தேவைப்படவில்லை. மணல் ஒன்று, பந்து ஒன்று, ஆட்டம் ஒன்று.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழியிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன், நடுவர் அவர்களே. அந்த இறுக்கம் ஆட்டத்துக்குத் தேவை என்றால் ஆண்களுக்கு ஏன் இல்லை? ஆட்டத்துக்குத் தேவை இல்லை என்றால் அது யாருடைய விருப்பம்? அந்த வீராங்கனைகளுடையது அல்ல. அவர்கள் தங்கள் விருப்பத்தை அணிந்து வந்துதானே அபராதம் வாங்கினார்கள்? தோழி பதில் சொல்லட்டும். அதற்குப் பிறகு தீர்ப்பு உங்களுடையது. வணக்கம்.