பழைய எருசலேம் ஓவியங்களில் ஏன் எங்கும் ஒட்டகம்?

அடுத்த கேள்வி. "எருசலேம், பெட்ரா பக்கத்துப் பழைய பயண ஓவியங்களில் எதை எடுத்தாலும் ஒட்டகம் இருக்கிறதே, நிஜமாகவே அங்கே நின்றதா, அழகுக்குச் சேர்த்ததா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒட்டகம் நிஜம்தான். அது படத்தில் நிற்கிற இடத்தைத்தான் அப்படியே நம்பிவிடக் கூடாது.

ஓவியர் டேவிட் ராபர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்த படங்களில் பல அவருடையவையாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்துக்காரர். 1838இல் எகிப்து வந்தவர், 1839இல் கெய்ரோவிலிருந்து சினாய், அகபா, பெட்ரா வழியாக எருசலேம் போனார். அந்தப் பாலைவன வழியில் வண்டி ஓடாது. கூடாரம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் ஒட்டகத்தின் மேல்தான். அப்புறம் அவர் எதைப் பார்த்து வரைவார்? ஆனால் நமக்குப் பழக்கமான படங்கள் பலவும் அவர் அங்கே உட்கார்ந்து தீட்டிய தாள்கள் அல்ல. அவற்றை வைத்து லூயி ஹாக் என்ற அச்சுக் கலைஞர் லண்டனில் கல்லச்சாக்கியவை, அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்தவை. 1842 முதல் 1849 வரை வெளிவந்தன. பெட்ரா, பாறையைக் குடைந்து செய்த பழைய நகரம்; அங்கே கருவூலம் என்று சொல்கிற கட்டடத்தின் முகப்பு ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். பக்கத்தில் ஓர் ஆளோ ஒட்டகமோ இல்லாவிட்டால் அந்த உயரம் நமக்கு உறைக்காது. அதனால் தேவையான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது ஓவியர்களுக்குக் கைவந்த வேலை.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை. பிரைடன்பாக் என்ற ஜெர்மன் கிறிஸ்தவக் குரு 1483இல் புனித யாத்திரை போனபோது எர்ஹார்ட் ரொய்விச் என்ற ஓவியரையும் கூட்டிக்கொண்டு போனார். 1486இல் மைன்ஸ் நகரில் வந்த அவர்கள் புத்தகத்தில் விலங்குகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஒட்டகம், முதலை, ஒட்டகச்சிவிங்கி, கூடவே ஒற்றைக்கொம்புக் குதிரை! ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்திருப்பது வால் நீண்ட குரங்கு போன்ற ஏதோ ஒன்று; அதன் பெயர் தெரியவில்லை என்று அவர்களே எழுதிவிட்டார்கள். இவ்வளவுக்கும், நாங்கள் கண்டபடியே வரைந்தவை என்று ஒரு வாக்குமூலம் வேறு.

1892இல் யாப்பா என்ற துறைமுக ஊரிலிருந்து எருசலேமுக்கு ரயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பயணிகள் வாங்கிய அஞ்சலட்டைகளிலிருந்து ஒட்டகம் மறையவில்லை. வாங்குகிறவர்களுக்கு அதுதானே வேண்டும். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.