தூரத்தை யார் கடப்பது?

(செவிலியர் கல்லூரி விழா ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, இன்னும் சில மாதங்களில் படிப்பை முடித்து வார்டுக்குள் நுழையப்போகும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கிராமத்து மருத்துவம் என்று பேச்செடுத்தால் எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். நான் கேட்க விரும்புகிற கேள்வி வேறு. நோயாளிக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் கிடக்கிற தூரத்தை யார் கடக்கிறார்கள்? வலியில் துடிப்பவரா, வைத்தியம் தெரிந்தவரா? அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் லெஸ்லி என்றொரு கவுண்டி இருக்கிறது. பரப்பில் நம் ஊர்ப் பெரிய தாலுகா ஒன்றின் அளவு. இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே அங்கே பதில் கிடைத்துவிட்டது.

1920-களில் அங்கே சொல்லும்படியான ரோடு இல்லை. ஓடைப் படுகைதான் பாதை. 1923-இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற செவிலியர் குதிரையேறி, லெஸ்லியையும் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளையும் சுற்றிப் பார்த்தார். பதிவு பெற்ற டாக்டர் ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. பிரசவம் பார்த்தவர்கள் ஊர்க் கிழவிகள். மேரி அவர்களை வீடு தேடிப் போய்ப் பேசினார். அவர் பெரிய இடத்துப் பெண். தாத்தா அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்தவர். ஆனால் ஒரு மகளைப் பிறந்த சில மணி நேரத்திலும், ஒரு மகனை நாலு வயதிலும் பறிகொடுத்த தாய். லண்டனுக்குப் போய் முறையாகப் பிரசவம் பார்க்கப் படித்தார். ஸ்காட்லாந்தின் மலைகளிலும் தீவுகளிலும் அரசுப் பணத்தில் நடந்துவந்த செவிலியர் சேவையை நேரில் பார்த்தார். 1925-இல் லெஸ்லிக்கு வந்து, பிறகு ஃபிரான்டியர் நர்சிங் சர்வீஸ் என்று பேர் பெற்ற அமைப்பைத் தொடங்கினார்.

அதன் ஏற்பாட்டைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நீங்கள் செய்யப்போகிற வேலை அது. செவிலியர்கள் டவுனில் தங்கவில்லை. ஆற்றோரங்களில் சின்னச் சின்ன நிலையங்கள் கட்டி அங்கேயே குடியிருந்தார்கள். ஒவ்வொரு நிலையமும் சுற்றிலும் ஐந்து மைல் வட்டாரத்தைப் பார்த்துக்கொண்டது. நடுராத்திரியில் ஒருவன் கோவேறு கழுதையில் வந்து கதவைத் தட்டினால், செவிலியர் எழுந்து குதிரைக்குச் சேணம் பூட்டுவார். சேணத்தின் இரண்டு பக்கமும் தொங்கும் தோல்பைகள் கிட்டத்தட்ட 18 கிலோ எடை. பைக்குள்ளே வெள்ளைத் துணி உறை, கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். மண் தரைக் குடிசைக்குள்ளும் சுத்தமான கையோடு பிரசவம் பார்க்க வேண்டும் என்ற அக்கறை அந்த உறையில் தெரிகிறது! எந்த நிலைமையில் எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த கையேடும் இருந்தது. அதனால் டாக்டர் இல்லாத இடத்திலும் தைரியமாக முடிவெடுக்க முடிந்தது. கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவம், பிள்ளை பிறந்த பின் வீட்டுக்கு வந்து பார்ப்பது, எல்லாம் சேர்த்து ஐந்து டாலர். காசில்லாதவர்கள் வைக்கோலும் முட்டையும் கொடுத்தார்கள், வேலி கட்டிக் கொடுத்தார்கள். 1928-இல் ஹைடன் ஊரில் சின்ன ஆஸ்பத்திரியும் வந்தது. அதைத் திறந்து வைக்க, மேரி பார்த்துவந்த அந்த ஸ்காட்லாந்து சேவையை உருவாக்கியவர்களில் ஒருவரான சர் லெஸ்லி மெக்கன்சியே வந்தார்.

பலன்? சேவை தொடங்கிய சமயத்தில் அமெரிக்காவில் 10,000 பிரசவத்துக்கு 60-க்கு மேல் தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சேவையின் முதல் 30 வருஷக் கணக்கில் அந்த எண் ஏறத்தாழ 9. நாடு முழுக்க அதே காலத்தின் சராசரி 34. பரம ஏழைக் கவுண்டி, பணக்கார நாட்டைவிட நன்றாகத் தன் தாய்மார்களைக் காப்பாற்றியது. மெட்ரோபாலிட்டன் லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் புள்ளியியலாளர் லூயிஸ் டப்ளின் முதல் 1,000 பிரசவங்களை ஆராய்ந்துவிட்டு, இதை நாடு முழுக்கக் கொண்டுபோனால் வருஷத்துக்கு 10,000 தாய்மார்கள் பிழைப்பார்கள் என்றார்.

மேரியைத் தெய்வமாக்க நான் வரவில்லை. கறுப்பினச் செவிலியர்களை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் அவருடைய நிறுவனமே அந்த ஒதுக்கலை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்தக் கறையையும் சேர்த்தே அவருடைய வேலையை எடைபோட வேண்டும்.

இன்றைக்கு லெஸ்லியில் தார் ரோடு இருக்கிறது, மேரி பேரில் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஆனாலும் அந்த மலைப் பிரதேசத்து மக்களின் ஆயுள் அமெரிக்கச் சராசரியைவிடப் பல வருஷம் குறைவு. நுரையீரல் புற்றுநோய், இருதய நோய், வலி மாத்திரைக்கு அடிமையாகிச் செத்தவர்கள். நிலக்கரித் தூசி படிந்த நுரையீரல் வேறு. 2015-16-இல், கிழக்கு கென்டக்கியின் ஒரே ஒரு எக்ஸ்ரே நிலையத்தில், அந்தத் தூசி நோய் முற்றிய நிலையில் 60 சுரங்கத் தொழிலாளர்களைக் கண்டுபிடித்தார்கள். இவை வருஷக்கணக்கில் கூட இருந்து கவனிக்க வேண்டிய நோய்கள். வைத்தியமோ நோயாளி கார் எடுத்துக்கொண்டு வரட்டும் என்று டவுனில் காத்திருக்கிறது. கார் இல்லாதவர், கூலி போய்விடும் என்று பயப்படுகிறவர், நோய் முற்றித்தான் வருவார்.

பிரசவ வார்டின் கதை இன்னும் மோசம். அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் பாதிக்கு மேல் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியே கிடையாது. பிரசவம் கொஞ்சமாக நடந்தாலும் ராத்திரி பகலாக ஆட்களை வைத்திருந்தாக வேண்டும். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு கொடுக்கிற தொகை அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாவதில்லை. நஷ்டம் என்று வார்டை மூடுகிறார்கள். மூடியதும், ஐந்து மைல் வட்டாரம் பார்த்த செவிலியரின் இடத்தில், வலி கண்ட பெண்ணே மலைப்பாதையில் காரில் உட்கார்ந்து அடுத்த கவுண்டிக்குப் போகிறாள். நூறு வருஷத்துக்கு முந்திய தூரம் திரும்பவும் அவள் தலையிலேயே விழுந்துவிட்டது. எனக்கு இதில் ஆறாத கோபம்.

1939-இல் உலகப் போர் மூண்டு, மேரியிடம் வேலை பார்த்துவந்த பிரிட்டிஷ் செவிலியர்கள் நாடு திரும்பியபோது, ஆள் பஞ்சத்தைச் சமாளிக்க மேரி தொடங்கிய பள்ளி இன்று பல்கலைக்கழகம். சொந்த ஊரில் வேலை பார்த்தபடியே மாணவிகள் அங்கே மருத்துவச்சிப் படிப்பு படிக்கலாம். ஆகவே மலைக்குப் போக ஆள் இல்லை என்ற சாக்கு இப்போது எடுபடாது. படித்த பெண் ஊரிலேயே இருக்கிறாள். வீடு தேடிப் போகிற வேலைக்கு அவளுக்குச் சம்பளமும், வண்டிக்கு எண்ணெய்க் காசும், சிக்கலான பிரசவம் என்றால் உடனே போனை எடுக்கிற ஒரு டாக்டரும் வேண்டும். இதற்கான பணத்தைப் பிரசவ எண்ணிக்கைப்படி கொடுக்காமல், வட்டாரத்துக்கு இவ்வளவு என்று அரசு ஒதுக்க வேண்டும். ஸ்காட்லாந்து மலைகளில் 1913-லேயே அரசு பணம் போட்டது.