காவடியில் ஏறும் மலைப்பழம்

(தைப்பூசத்துக்கு முன்பு, கீழ்ப்பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தை மாதப் பூச நட்சத்திரம் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டி வரும். பார்வதி தேவி முருகனுக்கு வேல் கொடுத்த நாள் என்பது நம்பிக்கை. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் மயிலாப்பூர்ப் பதிகத்தில் தைப்பூசத்தைப் பாடிவிட்டார். 2021 முதல் அரசு விடுமுறையும் உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் பேச வந்தது காவடியைப் பற்றி.

அகத்தியர் சொன்னார் என்பதற்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் ஒரே தண்டில் கட்டித் தோளில் தூக்கிவந்தான் இடும்பன். பழனி அடிவாரத்துத் திருவாவினன்குடி பக்கம் வந்ததும் இளைப்பாற இறக்கி வைத்தான். திரும்பத் தூக்கினால் ஒரு மலை அசையவே இல்லை. மேலே பார்த்தால் கோவணமும் கையில் தண்டுமாக ஒரு சிறுவன் நிற்கிறான். இறங்கு என்றான் இடும்பன், பையன் கேட்கவில்லை. சண்டை மூண்டு இடும்பன் செத்து விழுந்தான். அவன் மனைவி இடும்பி அழுது வேண்டிக்கொள்ள, சிறுவனாக நின்ற முருகன் உயிர் கொடுத்தான்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான். உயிர் பிழைத்தவன் பொன் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. ‘உன் வாசலில் நான் காவல் நிற்க வேண்டும், என்னைப் போலச் சுமை தூக்கி வருகிறவர்களுக்கு நீ அருள வேண்டும்’ என்று கேட்டான். அதனால்தான் பழனியில் படியேறுகிறவர்கள் பாதி வழியில் இடும்பனைக் கும்பிட்டுவிட்டு மேலே போகிறார்கள். மாலை போட்டு, விரதம் இருந்து, செருப்பில்லாமல் செட்டிநாட்டிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் நடந்து வருகிறார்களே, அத்தனை பேரும் அவன் வழியில் வருகிறவர்கள். பால் காவடி, புஷ்பக் காவடி, மயில் காவடி என்று வகை எத்தனை இருந்தாலும் தோளில் பாரம் இருக்க வேண்டும்.

சரி, மலையில் இருக்கிற நமக்கு இதில் என்ன பங்கு? முருகன் இங்கே தங்கிவிட்டுத்தான் பழனிக்குப் போனான் என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்தப் பெருமை இருக்கட்டும். நம் பங்கு பஞ்சாமிர்தத்தில் இருக்கிறது. அதில் சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துப் பிசைவதுதான். பழத்திலேயே ஈரம் அதிகமிருந்தால் சீக்கிரம் புளித்துப்போகும். நம் மலை வாழையான விருப்பாச்சிப் பழத்தை உரித்து விரலால் அழுத்திப் பாருங்கள். நீர் விடாது, சதை கெட்டியாக இருக்கும், மணம் கையிலேயே நிற்கும். காப்பிச் செடிக்கு நடுவே மானாவாரியாக, மலைக் குளிரில் மெதுவாக விளைவதன் குணம் அது. 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமும் மகிழ்ந்ததற்குக் காரணம் உண்டு.

அந்தப் பழத்தைக் கிட்டத்தட்ட இழந்தே போனோம். 1970-களில் முடிக்கொத்து நோய் கீழ்ப்பழனி மலை முழுக்கப் பரவியது. இலை குறுகி விறைத்து உச்சியில் கொத்தாக நிற்கும், தார் தள்ளாது. அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். நோய் கண்ட தோட்டத்துக் கன்றையே எடுத்து அடுத்த தோட்டத்தில் நட்டதால் இன்னும் வேகமாகப் பரவியது. வேளாண் பல்கலைக்கழகம் நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுவந்த பிறகுதான் மறுபடி நடத் துணிந்தோம்.

ஆகவே தம்பிகளே, கொத்தாக நிற்கிற மரத்தைப் பார்த்தால் ‘பார்க்கலாம்’ என்று விட்டுவைக்காதீர்கள். கிழங்கோடு தோண்டி அழித்துவிடுங்கள். தெரியாத இடத்துக் கன்றை வாங்காதீர்கள், தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரித்து நடுங்கள். பால் குடம் தூக்குகிறவர் எவ்வளவு பக்தியாகத் தூக்குகிறாரோ, அதே பக்தி இந்த வேலைக்கும் வேண்டும்.

பழனியில் தேரோட்டம் முடிந்து கூட்டம் குறைந்ததும், சேலம் மாவட்டத்து எடப்பாடிக் காவடிகள் வரும். அவர்கள் மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, அன்று இரவு அங்கேயே தங்குவார்கள். அப்படித் தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்தத் தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் பிசைவதைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.