ஆலயக் கூரையில் விழும் மழை

கர்த்தருக்குள் பிரியமான சேகரக் கமிட்டி அங்கத்தினர்களே, சபை மக்களே,

ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தில், ஆபிரகாம் வெட்டிய துரவுகளை, அதாவது கிணறுகளை, பெலிஸ்தர் மண்ணால் தூர்த்துவிடுகிறார்கள். ஈசாக்கு அவற்றை மறுபடியும் தோண்டுகிறான். தகப்பன் இட்ட பேர்களையே திரும்ப இடுகிறான். தன் பேரைப் பொறித்துக்கொள்ள அவன் நினைக்கவில்லை. படைப்பைப் பேணுவதைப் பற்றி இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான். நமக்குத் தூர்வாருகிற விசுவாசம் வேண்டும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். 1841-இல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்த மிஷனரி கால்டுவெல், தேரி என்னும் செம்மணல் மேடுகள் சூழ்ந்த அந்த ஊரில் தெருக்களை நேராக்கி, கிணறு வெட்டி, மரம் நடச் செய்தார். வேதம் சொன்ன வாயும் தண்ணீர் தேடிய கையும் ஒருவருடையவையாகவே இருந்தன. பிறகு 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நம் ஆலயங்களிலும் குழி வெட்டினோம். அந்தக் குழியின் மூடியைக் கடைசியாக எப்போது திறந்தோம்? இன்று திறந்தால் பல இடங்களில் வேப்பஞ்சருகும் பிளாஸ்டிக் கவரும் இறுகிப்போன சேறும்தான் இருக்கும். இந்தத் துரவுகளைத் தூர்க்கப் பெலிஸ்தர் யாரும் வரவில்லை. நம் அசட்டையே போதுமானதாயிருந்தது.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் உள்ள ஆலயத்தின் கூரை 300 சதுர மீட்டர். சரிவான ஓட்டுக்கூரை என்றால் சரிவை அளக்க வேண்டாம், தரையில் அது மறைக்கும் பரப்பை அளந்தால் போதும். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெறும் வறண்ட ஊரிலும் அந்தக் கூரையில் 1,80,000 லிட்டர் விழுகிறது. ஓடு உறிஞ்சுவது, தெறிப்பது, ஆவியாவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 1,44,000 லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரியில் பன்னிரண்டு நடை. இதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, கோடையில் அசனம் என்னும் சபை விருந்துக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறோம்.

கூரையிலிருந்து இறங்கும் குழாய்களில்தான் முதல் தவறு நடக்கிறது. பலத்த மழையைத் தாங்க 50 சதுர மீட்டர் கூரைக்கு ஒரு 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயாவது வேண்டும். அப்படியென்றால் நாம் சொன்ன ஆலயத்துக்கு ஆறு குழாய்கள். செலவை மிச்சம் பிடிக்க இரண்டே வைத்தால் தண்ணீர் கூரையோரத்துப் பீலியை (வாய்க்காலை) மீறி வழிந்து, சுவரோரம் விழுந்து, அஸ்திவார மண்ணை அரிக்கும். குழாய் வாயில் தட்டையான வலை வைத்தால் நாலு இலை விழுந்ததும் அடைத்துக்கொள்ளும். கவிழ்த்த கூடைபோல் மேலெழும்பிய வலையே சரி.

ஆலயக் கோபுரம் இருக்குமிடத்தில் புறா இருக்கும், புறா இருந்தால் எச்சம் இருக்கும். ஆகவே ஒவ்வொரு மழையிலும் முதல் தண்ணீரைக் கிணற்றுக்கு விடக்கூடாது. இறங்கு குழாயின் பக்கத்தில், T வடிவ டீ இணைப்பு போட்டு, 160 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை 3 மீட்டர் உயரத்துக்கு நிறுத்துங்கள். அடியில் திருகு மூடி இருக்கட்டும். அதில் ஏறக்குறைய 54 லிட்டர் பிடிக்கும், அதாவது 50 சதுர மீட்டர் கூரையின் முதல் ஒரு மில்லிமீட்டர் மழை அதற்குள் அடங்கிவிடும். அது நிரம்பிய பிறகே தண்ணீர் வடிகட்டிக்குப் போகும். மூடியில் சிறு துளை இட மறவாதீர்கள். துளை இல்லாவிட்டால் பழைய அழுக்குநீர் உள்ளேயே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே கிணற்றுக்குப் போகும், கொசுவும் பெருகும்.

வடிகட்டித் தொட்டி இரண்டு குழாய்களுக்கு ஒன்று என வைக்கலாம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர். அடியில் 30 சென்டிமீட்டருக்கு 40 மில்லிமீட்டர் உடைகல், அதன்மேல் 20 சென்டிமீட்டருக்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி, நைலான் வலை, பிறகு 30 சென்டிமீட்டருக்குக் கழுவிய பருமணல். மேலே 20 சென்டிமீட்டர் காலியாக இருக்கட்டும், தண்ணீர் தேங்கி இறங்க இடம் வேண்டும். வலை போடாவிட்டால் மணல் ஜல்லிக்குள் சரிந்து கிணற்றுக்கே போய்விடும். கழுவாத எம்-சாண்ட் போட்டால் அதிலுள்ள தூள் இறுகிவிடும். பெரும்பாலும் அடைபடுவது மணலின் மேல் ஐந்து சென்டிமீட்டர்தான். அதைச் சுரண்டி எடுத்து, அலசித் திரும்பப் போடுவது அரைநாள் வேலை.

வடிகட்டிய நீரை வளாகத்துப் பழைய திறந்த கிணற்றில் விடுவது மிக நல்லது. குழாயை உள்ளே நீட்டி வையுங்கள், தண்ணீர் சுவரில் மோதினால் கல் பெயரும். ஆழ்துளைக் குழாய்க்குள் நேரடியாக விடாதீர்கள். வண்டல் போய் அதன் கண்களை அடைத்தால் உள்ள ஊற்றும் போகும். கழிவறைத் தொட்டியிலிருந்து குறைந்தது 15 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் பக்கம் ஊறல்குழி வெட்டவே கூடாது.

இன்னொன்றையும் மனவேதனையோடு சொல்கிறேன். வளாகம் முழுவதும் சிமெண்ட் கல் பதிப்பது இப்போது பெருமையாகிவிட்டது. தலைமுறை கண்ட வேம்பின் அடிமரம் வரை கல்லைப் பதித்து, வேருக்குக் காற்றும் நீரும் போகாமல் செய்கிறோம். பட்டணத்தை முற்றுகையிடும்போதும் கனிமரத்தை வெட்டாதே என்று உபாகமம் 20-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. சமாதான காலத்தில், ஆலயத்துக்குள்ளேயே, நாம் மரத்தை மூச்சுமுட்டச் செய்யலாமா? மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது மண்ணாக விடுங்கள். பெரிய மரத்துக்கு அதுவும் போதாது.

அசனப் பண்டிகையைப் பற்றி விரிவாகப் பேசத் தேவையில்லை. வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது.

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை உலகெங்கும் பல திருச்சபைகள் படைப்பின் காலம் ஆசரிக்கின்றன. 1989-இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கான்ஸ்டாண்டிநோபிள் முதற்பிதா திமித்ரியோஸ் செப்டம்பர் 1-ஐப் படைப்புக்கான ஜெப நாளாக அறிவித்ததிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. நமக்கோ அது வடகிழக்குப் பருவமழைக்கு முந்தின மாதம். அந்த வாரங்களில் சிறப்பு ஆராதனை வையுங்கள். பாட்டு முடிந்ததும் வாலிபர் சங்கம் பீலியில் ஏறட்டும், ஆண்கள் மணலை அலசட்டும். ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென்று ஒரு தலைப்பு இருக்கட்டும். இல்லாவிட்டால் பொருளாளர் மாறியதும் வேலை நின்றுபோகும்.

நாம் மண்ணுக்குள் விடும் நீர் காம்பவுண்ட் சுவரோடு நிற்காது. பக்கத்துத் தெருக் கிணற்றிலும் ஊறும், கோயிலுக்குப் போகிறவரும் மசூதிக்குப் போகிறவரும் இறைப்பார்கள். அப்படியே ஆகட்டும். பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது என்று பாடுகிற சபை அதைக் கணக்குப் பார்க்கக்கூடாது. துரவுக்காக வாக்குவாதம் வந்தபோது ஈசாக்கும் விட்டுக்கொடுத்து அப்பால் போனான்.

கடைசியாக, ஆலயப் பணிவிடை செய்யும் கோவில்குட்டியிடம் ஒரு கயிறும் கல்லும் கொடுங்கள். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. மாதத்தின் முதல் சனிக்கிழமை, மோட்டார் போடுவதற்கு முன் காலையில், கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை முடிச்சில் இருக்கிறது என்று பார்த்து எழுதி வைக்கட்டும். மறுநாள் ஆராதனையில் காணிக்கைத் தொகையோடு அந்த அளவையும் வாசியுங்கள். செப்டம்பர் அளவையும் ஜனவரி அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.