டெயில்கேட்: வண்டியின் பின்கதவு விருந்தான கதை

[காட்சி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். அறுவடை முடிந்த வயலோரம் ஒரு குட்டியானை வண்டி நிற்கிறது.]

மின்னொளி கபடி தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. வெளியூர் டீம் வந்து இறங்கிவிட்டது. டிரைவர் அண்ணன் இரண்டு பக்கமும் கொண்டியைத் தட்டி எடுக்கிறார். பின்கதவு மடங்கி இறங்கி, சங்கிலியில் நிற்கிறது. காலையில் நெல்மூட்டை ஏற்றி இறக்கிய வண்டி. கதவு இடுக்கில் இன்னும் நாலைந்து நெல்மணி கிடக்கிறது. துண்டால் ஒரு தட்டு தட்டிவிட்டு, புளிசாதத் தூக்கையும் வாழையிலைக் கட்டையும் அதன்மேல் வைக்கிறார்கள். ஆடப்போகிற பிள்ளைகள் அளவாகத்தான் சாப்பிடுவார்கள். கூட வந்தவர்கள் வெளுத்துக்கட்டுகிறார்கள்.

இதேபோல ஆட்டத்துக்கு முன்னால் வண்டியடியில் கூடிச் சாப்பிடுவதற்கு அமெரிக்காவில் ஒரு பெயர் உண்டு: டெயில்கேட்டிங்.

[காட்சி: ஸ்டேடியம் வாசல், வரிசையாக பிக்கப் வண்டிகள்.]

டெயில் என்றால் வால், கேட் என்றால் கதவு. வண்டியின் வால்பக்கம் இருக்கிற கதவு, அவ்வளவுதான். குதிரை வண்டிக் காலத்திலேயே, சரக்கு சரிந்து விழாமல் இருக்கப் பின்னால் போட்ட பலகைக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. அப்புறம் பிக்கப்பும், பின்னால் சாமான் வைக்க இடமும் கதவும் உள்ள நீளமான காரான ஸ்டேஷன் வேகனும் வந்தன. அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க வந்தவர்கள் அந்தக் கதவை இறக்கி மேசையாக்கினார்கள். பக்கத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள். கதவின் பெயர் விருந்துக்கும் ஒட்டிக்கொண்டது.

இதன் தொடக்கத்தை 1861-க்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அந்த ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் புல் ரன் சண்டையைப் பார்க்க, வாஷிங்டன்காரர்கள் சாப்பாட்டுக் கூடையோடு போனது உண்மைதான். 1869 நவம்பர் 6-ல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதிய முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தையும் சொல்வார்கள். எனக்கு இவை பழக்கத்தின் கதைகளாகத்தான் படுகின்றன. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவது எந்த ஊரிலும் இருந்ததுதானே? சொல் பிறந்தது அந்தப் பலகையில்.

அந்தப் பலகைக்கு இன்னொரு அழகான வாழ்வும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஒரு காலத்தில் ஜாஸ் இசைக் குழுக்கள் வண்டியில் ஊர்வலமாக வாசித்துப் போகும். டிராம்போன் குழலை முன்னும் பின்னும் இழுக்க நிறைய இடம் வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கும். அதனால் அந்தக் கலைஞரைப் பின்கதவோரம் உட்காரவைத்தார்கள். அவர் வாசித்த பாணிக்கே டெயில்கேட் என்று பெயர் வந்தது. கிட் ஓரி அதில் பேர்பெற்றவர்.

சாலையில் முன்வண்டியை ஒட்டி உரசுகிற மாதிரி ஓட்டுவதையும் டெயில்கேட்டிங் என்பார்கள். அதுவும் இதே கதவுதான். தஞ்சாவூர், கும்பகோணம் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

[காட்சி: மீண்டும் வயலோரம். விளக்குகள் எரிகின்றன.]

மைக்கில் டீம் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இலையை மடித்து, கையைக் கழுவி, பிள்ளைகள் களத்துக்கு ஓடுகிறார்கள். டிரைவர் அண்ணன் மட்டும் கதவைத் தூக்கவில்லை. அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறார். அங்கிருந்து பார்த்தால் நடுக்கோடு நன்றாகத் தெரிகிறது.